ஐஸ் ஹாக்கியே பார்க்காதவளுக்கு ஐஸ் ஹாக்கிக் காதல் கதை ஏன் பிடிக்கிறது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம் பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, விளையாட்டு வீரனும் ஒரு பெண்ணும் காதலர்கள் மாதிரி ஊருக்கு முன்னால் நடிக்கிற இங்கிலீஷ் நாவல்களையே தொடர்ந்து வாசிக்கிறேன். எல்லாம் ஒரே கதைதான், முடிவும் முதலிலேயே தெரியும், ஆனாலும் விடிய விடிய வாசிக்கிறேன். ஹாஸ்டலில், நீ ஐஸை ஜூஸ் கடையில்தான் பார்த்திருக்கே, உனக்கு எதுக்கு ஐஸ் ஹாக்கி என்று கேலி பண்ணுகிறார்கள். இதில் அப்படி என்னதான் இருக்கு? நல்லதாகப் பார்த்து எப்படி எடுப்பது? பாதியில் போரடித்து மூடியதும் நிறைய." அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன், மக்களே.

கேலியை விடு. சரித்திர நாவல் வாசிக்கிறவர்கள் எல்லாரும் குதிரையில் ஏறினவர்களா? ஒரு கதையை ரசிக்க அந்த விளையாட்டைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவையும் அந்தக் கதையே சொல்லித் தந்துவிடும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. கோலியையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். முக்கால் நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பந்துக்குப் பதில் மூன்று அங்குல அகலத்தில் ஒரு ரப்பர் வட்டு. கையுறையைக் கழற்றிப் போட்டுச் சண்டைக்குப் போனால் ஐந்து நிமிடம் ஒரு கூண்டுக்குள் போய் உட்கார வேண்டும். இது தெரிந்தால் பாதி ஹாக்கி நாவல்களை வாசித்துவிடலாம், மீதிப் பாதியில் இதுகூட வராது. அது வேறு குறை, அப்புறம் சொல்கிறேன்.

உன் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போய்ப் பார். நடைபாதை ஒடுக்கம்தான், ஆனாலும் ரெண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். ஒரு பையன் முன்னால் போவான், பத்தடி பின்னால் ஒரு பெண் வருவாள், அவன் ஆற்றைப் பார்ப்பான், அவள் மலையைப் பார்ப்பாள், ரெண்டு பேர் காதிலும் போன். அவன் எதையோ சொல்லி நிறுத்துவான், இங்கே இவள் சிரிப்பாள். அவர்கள் பேசிக்கொண்டிருப்பது ஒருவரோடு ஒருவர்தான். பாலத்தின் அந்தக் கோடி வரை இப்படியே போய்விட்டு இப்படியே திரும்பி வந்து, வேறு வேறு பஸ்ஸில் ஏறுவார்கள். நம் மாவட்டத்தில் காதல் என்றால் பெரும்பாலும் இதுதான்: காதல் இருக்கும், இல்லாத மாதிரி நடிக்க வேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தியை ஒருத்தனோடு பார்த்துவிட்டால், அவள் மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த நாவல்கள் அதை அப்படியே தலைகீழாகப் போடுகின்றன. காதல் கிடையாது, ஆனால் இருக்கிற மாதிரி நடித்தாக வேண்டும். எதையெல்லாம் ஒளித்துச் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் நாலு பேர் பார்க்கும்படி செய்தால்தான் திட்டம் பலிக்கும். கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்குள் நுழைய வேண்டும், அவன் பெயர் முதுகில் எழுதிய ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டும், அவன் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெட்கமும் பயமும் உள்ள ஒருத்திக்கு "இது நடிப்புதானே" என்ற ஒரு சாக்கு கையில் கிடைத்துவிடுகிறது. அந்தச் சாக்குதான் மொத்த ருசியும். கேட்கக் கூடாததைக் கேட்கலாம், சொல்லக் கூச்சப்படுவதைச் சொல்லலாம், மறுநாள் யாரும் கேட்டால் சும்மா சொன்னது என்று தப்பித்துக்கொள்ளலாம். பார்ட்டியில் யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுகிறான், அந்த ஆள் அந்தப் பக்கம் போய் ஐந்து நிமிடம் ஆன பிறகும் கை அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகத்தான் நீ விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாய். நானும்தான்.

முடிவு தெரிந்த பிறகு என்ன சுவாரசியம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: சேருவார்களா என்பதற்காக யாரும் இதை வாசிப்பதில்லை. யார் முதலில் நடிப்பதை நிறுத்தினார்கள், அது மற்றவருக்கு எப்போது தெரியவருகிறது, இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் கதை. அதனால்தான் இந்த வகை நாவல்களில் பெரும்பாலானவை ஒரு அத்தியாயம் அவள் "நான்", அடுத்த அத்தியாயம் அவன் "நான்" என்று மாறி மாறிப் போகின்றன. எட்டாவது அத்தியாயத்திலேயே அவன் கவிழ்ந்துவிட்டான் என்று நமக்குத் தெரியும், அவளுக்கு இருபதாவது அத்தியாயம் வரை தெரியாது. அந்தப் பன்னிரண்டு அத்தியாயமும் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு "லூசு, பாரேன் அவனை" என்று சொல்லிக்கொண்டே புரட்டுவோம்.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதே. திருக்குறளில் அலர் அறிவுறுத்தல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 115ஆவது. ஊர்க்காரர்களின் பேச்சை எருவாகவும் அம்மாவின் திட்டைத் தண்ணீராகவும் எடுத்துக்கொண்டு இந்தக் காதல் நோய் வளர்கிறது என்று ஒரு குறள் அதில் உண்டு. பொய்க்காதல் கதையின் இயந்திரம் மொத்தமும் அந்த ஒண்ணே முக்கால் அடிக்குள் அடங்கிவிட்டது. ஒரு வித்தியாசம் மட்டும்: குறளில் செடி முதலில், எரு அப்புறம். இந்த நாவல்களில் எருவை முதலில் கொட்டிவிடுகிறார்கள். ஊரே இவர்களை ஜோடி என்று பேசிப் பேசி, கடைசியில் இவர்களே நம்பிவிடுகிறார்கள். விளையாட்டு வீரன்மேல் காதல் என்பதும் நமக்குப் புதிதில்லை. காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்று கலித்தொகையில் முல்லைக்கலி சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணை இன்றைக்கு ஹாக்கி மைதானத்தில் உட்கார வைத்தால் முன்வரிசையில்தான் உட்காருவாள்.

சரி, விளையாட்டு வீரன் எதற்கு, ஒரு பேங்க் கிளார்க்கை வைத்து இதே கதையை எழுதக் கூடாதா? எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு வந்தால் எழுதுகிறவருக்கு நாலு காரியம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்று, பார்க்கிற கூட்டம். பேங்க் கிளார்க்குக்குக் காதலி இருந்தால் யாருக்கு என்ன, ஆனால் அணியின் கேப்டன் என்றால் ரசிகர், நிருபர், ஸ்பான்சர், மேனேஜர் என்று நடிப்பைக் காட்ட ஆயிரம் பேர் தயாராக இருக்கிறார்கள். அடுத்தது காலக்கெடு, இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை லீக் ஆட்டங்கள் ஓடும், பல வருஷமாக ஓர் அணிக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம் என்பது கணக்கு, அதில் பாதி வெளியூரில். "சீசன் முடியும் வரை நடிப்போம்" என்று ஒரு தேதியைக் குறித்துவிட்டால், ஒவ்வொரு ஆட்டமும் முடிய முடிய வாசிக்கிற நமக்கும் வயிற்றைக் கலக்கும். வெளியூர் ஆட்டம் என்றால் பிரிவு, பிரிவு என்றால் நடு ராத்திரி போன், கூடவே போனால் ஹோட்டலில் ஒரே ஒரு கட்டில் உள்ள அறை. அந்த ஒரே கட்டில் எத்தனை நாவலில் வந்தாலும் எனக்கு அலுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, ஆளையே இன்னொரு அணிக்கு மாற்றிவிடுகிற பழக்கம். ஒப்பந்தத்தில் தனியாகப் பாதுகாப்பு எழுதி வாங்காத வீரனை, அவனைக் கேட்காமலேயே வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிடலாம். காலையில் எழுந்தால் அவன் வேலை செய்கிற ஊர் மாறியிருக்கும். வில்லனே தேவையில்லை. நாலாவது உடம்பு. உடனே சிரிக்காதே, வயிற்றில் எத்தனை கட்டு என்பதைச் சொல்லவில்லை. அடிபட்ட முழங்கால், டேப் சுற்றின கணுக்கால், தையல் போட்ட புருவம், இதையெல்லாம் வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லை" என்று சொல்கிற ஒருவன், யாராவது ஒருத்தி முன்னால் மட்டும் வலிக்கிறது என்று சொல்கிறான் என்றால் அதற்கு ஒரு எடை இருக்கிறது. ஹாக்கி குறிப்பாக ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், களத்தில் முரட்டுத்தனம் விதிக்குள்ளேயே வருகிறது, வெளியே அவனை மென்மையாகக் காட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதோடு அணியில் இருபது சொச்சம் பேர், ஒவ்வொருவனுக்கும் ஒரு புத்தகம் என்று தொடர் தொடராக விற்கலாம். வியாபாரம் தெரிந்தவர்கள்.

நம் மாத நாவல்களில் இது உண்டா என்றால், வேறு உருவத்தில் உண்டு. தமிழில் டேட்டிங் என்று சொல்லி யாரை ஏமாற்ற முடியும்? நம் கதைகளில் நடிப்பு நேரே கல்யாணத்துக்குப் போய்விடும். தாத்தா சாகக் கிடக்கிறார், சொத்து கைவிட்டுப் போகப் போகிறது, தங்கை கல்யாணம் நிற்கிறது, அதற்காக ஒப்பந்தத் தாலி. ரமணிசந்திரன் காலத்திலிருந்து இன்றைக்கு போனில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிற தொடர்கள் வரை "முதலில் கல்யாணம், பிறகு காதல்" என்பது தமிழ் வாசகிகளின் பிள்ளைப் பருவத் தோழி. இங்கிலீஷிலும் பொய் நிச்சயதார்த்தம் பழைய சங்கதிதான். ஜூலியா க்வின் 2000இல் எழுதிய 'தி டியூக் அண்ட் ஐ' நாவலில் பெண்ணைப் பெற்ற அம்மாக்களிடமிருந்து தப்பிக்கப் பிரபு ஒருவன் காதலிக்கிற மாதிரி நடிக்கிறான். அந்தப் பிரபுவுக்கு ஹெல்மெட்டும் ஸ்கேட்டும் மாட்டிவிட்டதுதான் உன் ஹாக்கி கேப்டன் என்றால் பாதி உண்மை.

இனி எப்படிப் பார்த்து எடுப்பது. கிண்டிலில் புத்தகத்தின் ஆரம்பத்தில் கொஞ்சம் சும்மா வாசிக்கக் கொடுப்பார்கள், அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: இவர்கள் நடிக்காவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு போன் போட்டு உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்கு 350 பக்கம் நடிக்கிறார்கள் என்றால் அங்கேயே மூடு. காரணம் வலுவாக இருக்க வேண்டும், அது ரெண்டு பேருக்கும் இருக்க வேண்டும். எல் கென்னடியின் 'தி டீல்' (2015) இன்றைக்கும் பேசப்படுவதற்கு இது ஒரு காரணம். அவன் காலேஜ் ஹாக்கி கேப்டன், எதிக்ஸ் என்கிற அறவியல் பரீட்சையில் தோற்றுவிட்டான், மார்க் இல்லாவிட்டால் அணியில் இடமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த விதி நிஜமாகவே உண்டு, படிப்பில் குறிப்பிட்ட தரம் இல்லாதவன் களத்தில் இறங்க முடியாது. அவளுக்கோ அந்தப் பாடம் நன்றாக வரும், ஆனால் மனசில் வேறொருத்தன். அவள் பாடம் சொல்லிக் கொடுப்பாள், பதிலுக்கு அந்த வேறொருத்தன் திரும்பிப் பார்க்கும்படி இவன் காதலனாக நடிப்பான். ரெண்டு பக்கமும் கணக்கு சரி. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அந்தப் பெண்ணின் கடந்த காலத்தில் பாலியல் வன்முறை உண்டு, அவன் வீட்டில் அடிக்கிற அப்பா உண்டு. சிரிப்புக் கதை என்று நினைத்து எடுத்தால் சில இடம் கனக்கும்.

இரண்டாவதாக நான் பார்ப்பது, அவளுக்கு ஒரு வேலையோ கவலையோ சொந்தமாக இருக்கிறதா என்பது. அவன் ஆட்டத்துக்குக் கைதட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு ஜோலி இல்லை என்றால் கதை நொண்டும். மரியானா ஜபாட்டாவின் 'தி வால் ஆஃப் வின்னிபெக் அண்ட் மீ' (2016) இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கனடாக்காரன், அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன், அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி வேண்டும். அவனுக்கு உதவியாளராக இருந்து வேலையை விட்டவளிடமே வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறான். அவளுக்குப் படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது, சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறாள், பேரம் பேசுகிறாள். நம் ஊரில் எஜுகேஷன் லோன் வாங்கி நர்ஸிங்கும் இன்ஜினியரிங்கும் படித்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகவே புரியும். ஆனால் பொறுமை வேண்டும், நெருக்கம் வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள். பாதிப் புத்தகம் வரை அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதே அபூர்வம்.

அப்புறம் விளையாட்டு. ஆட்டத்தை மொத்தமாகக் கதையிலிருந்து உருவி எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறதா? நின்றால் அது விளையாட்டுக் கதை இல்லை, ஜெர்ஸி மாட்டிய பணக்காரன் கதை. மேலே சொன்ன குறை இதுதான், இப்போது வருகிறவற்றில் நிறைய. அவன் பிராக்டிஸுக்குப் போவதே இல்லை, அடி படுவதில்லை, தோற்பதில்லை, வீட்டில் சமையல்காரரும் காரும் மட்டும் இருக்கிறது. லிஸ் டாம்ஃபோர்டின் 'தி ரைட் மூவ்' பரவாயில்லை. அதில் அவன் கூடைப்பந்து அணியின் புதுக் கேப்டன், யாரோடும் ஒட்டாதவன். இப்படிப்பட்டவன் அணியை நடத்துவானா என்று மேலிடத்துக்குச் சந்தேகம், அதனால் வீட்டில் வாடகைக்குத் தங்க வந்தவளைக் காதலி என்று சொல்லிவிடுகிறான். நடிப்பு அவன் ஆட்டத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது, பிரிக்க முடியாது.

முக்கால்வாசியில் வருகிற அந்தப் பிரிவு எரிச்சலாக இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரோ ஒரு நிருபர் உண்மையைப் போட்டு உடைப்பான், இவள் அழுதுகொண்டே ஓடுவாள், அவன் விமான நிலையத்துக்கு ஓடுவான். சோம்பல் எழுத்து. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் வெளியாளைக் கொண்டுவர மாட்டார்கள். ஒப்பந்தம் சொன்ன தேதியில் முடியும், அவ்வளவுதான். சீசன் முடிந்தது, பரீட்சை முடிந்தது, ஏமாற்ற வேண்டிய ஆள்கூட ஊரைவிட்டுப் போய்விட்டான், கையில் இருந்த சாக்கு தீர்ந்துவிட்டது. இனி அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் காரணம் எதுவும் இல்லாமல் வந்து கதவைத் தட்ட வேண்டும். களத்தில் எதற்கும் அஞ்சாதவன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று வியர்க்கிறான் பார், அங்கே தெரிந்துவிடும் எழுதினவர் யார் என்று.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. வேறொருத்தன் அவளிடம் பேசினால் கையை ஓங்குகிறவன், அவள் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்கிறவன், இதையெல்லாம் பொறாமை, பாசம் என்று அலங்காரம் பண்ணுகிற நாவல்கள் ரெண்டு மொழியிலும் குவிந்து கிடக்கின்றன. நடிப்புக்கு விதி போடுகிற கதைகளில் ஒரு நல்ல குணம் உண்டு: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, யார் எப்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை உட்கார்ந்து பேசித் தாளில் எழுதுகிறார்கள். நிஜக் காதலர்கள் பேச மறந்துவிடுவதைப் பொய்க்காதலர்கள் முதல் நாளே பேசிவிடுகிறார்கள். அந்த விதியை அவன் மதிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே வாசி, ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்தை வைத்து இப்படி ஒன்றை யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பனி எதற்கு, கடற்கரை மணல் போதும். தூத்தூர் தொடங்கி கடலோர ஊர்களில் பிள்ளைகள் நடக்கிற வயதிலேயே பந்து உதைக்கிறார்கள். எரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரை போய் ஆடியவர். உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஃப்ளெக்ஸ் வைத்துச் சண்டை போடுகிற ஊர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குக் காத்திருக்கிற ஒரு ஸ்ட்ரைக்கர், அவனுக்குக் கப்பலில் இருக்கிற மாமா ஒரு சம்பந்தம் பேசி வைத்திருக்கிறார். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைத் தள்ளிப்போட வழி தேடுகிற ஒரு டீச்சர். கோயில் திருவிழா டோர்னமென்ட் முடியும் வரை நடிப்போம் என்று பேச்சு. எழுதுகிறவர் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றே ஒன்று: இங்கே ஊருக்கு முன்னால் ஒரு தடவை ஜோடி என்று பெயர் வந்துவிட்டால், டோர்னமென்ட் முடிந்ததும் அவன் அடுத்த மேட்சுக்குப் போய்விடுவான், பேச்சைச் சுமக்கப் போவது அவள்தான். அமெரிக்க நாவலில் பிரேக்-அப் என்று ஒரு போஸ்ட் போட்டால் முடிந்தது. இங்கே அவள் தங்கையின் கல்யாணம் வரை அது பின்னாலேயே வரும். அதைத் தாண்டாமல் எழுதினால் பொய், தாண்டி எழுதினால் பிரமாதமாக இருக்கும். நீ பி.எட். முடித்துவிட்டு முயற்சி பண்ணிப் பாரேன்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், நீ ஹாக்கியில் ஊறினவள், 'தி டீல்' அநேகமாக வாசித்திருப்பாய், இல்லையென்றால் அதை முதலில் எடு, பிறகு ஜபாட்டா. உன் ஹாஸ்டல் தோழிகளை இழுக்க வேண்டுமென்றால் ஜென்னி ஹானின் 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்' (2014) கொடு. பள்ளிக்கூடக் கதை, பையன் லக்ராஸ் (வலை கட்டிய கழியால் பந்தைப் பிடித்து எறிகிற விளையாட்டு) ஆடுகிறவன், லேசாக இருக்கும், 2018இல் நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்துவிட்டது. மற்றவற்றைக் கொடுக்கும்போது அட்டையைப் பார்த்து ஏமாறாதே. இப்போது கார்ட்டூன் மாதிரி பொம்மைப் படம் போட்ட அட்டைகள்தான் எங்கும், உள்ளே இருப்பதோ பெரியவர்களுக்கான படுக்கையறை, பக்கம் பக்கமாக. வாங்கும் முன் விமர்சனங்களில் 'ஸ்பைஸ்' எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள். அம்மாவின் போனில் கிண்டில் வைத்திருக்கிறாய் என்றால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்.